பட்டாணி அளவில் ஒரு நிழல்

தம்பி கொண்டுவந்து நீட்டிய டீயில் சர்க்கரை இல்லை.

முதல் வாயை விழுங்கிய பிறகுதான் அக்காவுக்கு அது உறைத்தது. பால் விடாமல், சர்க்கரை போடாமல், நாக்கு துவர்க்கும்படி நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கிய டீ. அவள் குடிக்கிற டீ. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவன் கையிலிருந்த டம்ளரிலும் அதே கறுப்பு டீதான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டம்ளரில் பாதிக்குச் சர்க்கரையைக் கொட்டி, கடைசியில் அடியில் தேங்கியதை விரலால் வழித்து நக்குகிறவன் அவன். சின்ன வயதிலிருந்தே அவனை 'எறும்பு' என்றுதான் அவள் கிண்டல் செய்வாள். அந்த எறும்பு இப்போது கசப்பை ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு, "ஆங்... இப்பத்தான் உசுரு வந்துச்சு" என்றது.

தினமும் காலையில் அவள் சொல்கிற வார்த்தை அது.

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். தம்பி தானாக எழுந்திருக்கிறான், பல் தேய்த்திருக்கிறான், அடுப்பைப் பற்றவைத்திருக்கிறான். டீயில் சர்க்கரை இருந்தால் என்ன, உப்பு இருந்தால்தான் என்ன.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் அடுப்பைத் தொட்டவள் அவள் ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும் மட்டும் இருந்த வீடு. தம்பி கட்டிலில் கிடந்தான். தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு ஒடுக்கி, கூப்பிட்டால் 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்தான். அவனுடைய அறையில் துவைக்காத தலையணையின் பிசுக்கும், திறக்காத ஜன்னலின் புழுக்கமும், தொடாமல் காய்ந்துபோன தட்டின் வாடையும் கலந்து ஒரு மணம் குடியேறியிருந்தது. அவள் எத்தனை தடவை தரையைத் துடைத்தாலும் அது போகவில்லை. டாக்டர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்த மாத்திரை எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. ஒரு மத்தியானம், மொட்டை மாடிச் சுவரின் மேல் காலை வெளிப்பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவனைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டி உள்ளே இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து மாடிக் கதவின் பித்தளைச் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. குளிக்கும்போதுகூட அவள் அதைக் கழற்றுவதில்லை.

அவள் ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஸ்கேன் எடுக்கிறவள். நோயாளியைப் பலகையில் படுக்கவைத்து, தலைக்கு மேல் ஒரு கூண்டை மாட்டி, அந்த நீளமான வெள்ளைக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படம் எடுப்பது வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிர் எலும்புவரை இறங்கும். யாரும் உள்ளே இல்லாத நேரத்திலும் இயந்திரம் ச்சிக், ச்சிக் என்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். அவளுக்கு அது கேட்பதே இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில்தான் மனநல டாக்டரம்மா ஒருவர் ஆய்வு ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். மாத்திரை எதுவும் கேட்காதவர்களுக்குக் காந்தத்தால் சிகிச்சை. பெரிய கரண்டி மாதிரி ஒரு கருவியை நெற்றிப் பக்கம் வைத்து, மூளையின் ஒரு புள்ளியைப் பார்த்து டக் டக் டக்கென்று துடிப்பு கொடுப்பார்கள். அதைப் பிடிக்கிற ஊழியருக்கு ஆஸ்பத்திரி முழுக்கக் கரண்டிக்காரர் என்றே பெயர்.

தம்பியைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இது எல்லாருக்கும் கேக்காதும்மா. யாருக்குக் கேக்கும், யாருக்குக் கேக்காதுன்னு மூளைப் படத்தப் பாத்தே கம்ப்யூட்டர் முன்கூட்டிச் சொல்லிரும். இந்த ஆய்வே அதுக்குத்தான். எந்தப் புள்ளில தட்டணும்னும் அந்தப் படந்தான் காட்டும். கேக்கும்னு வந்தா உங்க தம்பிய சேத்துக்கறேன்."

"கேக்காதுன்னு வந்தா, டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "அப்ப வேற ஏதாவது யோசிப்போம்" என்றார். வேறு எதுவும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

தம்பிக்குப் படம் எடுக்க முடியவில்லை. குழாய்க்குள் போன கொஞ்ச நேரத்திலேயே, கையில் கொடுத்திருந்த ரப்பர் உருண்டையை அமுக்கிவிட்டான். அமுக்கினால் இந்தப் பக்கம் மணி அடிக்கும். அடித்தால் உடனே நிறுத்தி வெளியே இழுக்க வேண்டும், அதுதான் முறை. அவள் நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்ச நேரந்தான்டா தம்பி" என்று ஒலிபெருக்கியில் கெஞ்சினாள். மணி விடாமல் அடித்தது. "இன்னும் கொஞ்ச நேரந்தான்டா." வெளியே இழுத்தபோது அவன் சட்டையெல்லாம் வேர்வை. "முடியாதுக்கா, உள்ள என்னைப் பொதைக்கறாங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். எடுத்த படமெல்லாம் ஆடிக் கலங்கி ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

இயந்திரம் புதிதாக வந்தபோது சோதனைக்காக அவளையே உள்ளே படுக்கவைத்து ஒரு முழுப் படம் எடுத்திருந்தார்கள். அது இன்னும் கணினியில் இருந்தது. ஆய்வுக்குப் போகிற படங்களில் பெயர் இருக்காது, முகத்தையும் கணினியே வழித்து எடுத்துவிடும், வெறும் எண்தான் மிஞ்சும். தம்பியின் எண்ணில் தன் தலையை ஏற்றினாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, மண்டையைத் தாண்டி உள்ளே எவ்வளவு மாறிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவனுடைய படத்தைக் கொடுத்துக் 'கேட்காது' என்று வந்துவிட்டால் அதற்கு மேல் அவனுக்கு வீட்டில் ஒரு மாடிதான் பாக்கி. அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது தயங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"கம்ப்யூட்டர் அடிச்சுச் சொல்லுதும்மா, உங்க தம்பிக்கு நல்லாவே கேக்கும்னு" என்றார் டாக்டரம்மா, மறுவாரம். திரையில் அக்காவின் மூளை சாம்பல் நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. "இடது நெத்திப் பொட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு நீர்க்கட்டி இருக்கு, பட்டாணி அளவு. பிறவிலயே இருந்திருக்கும். பயப்படாதீங்க, அது ஒண்ணும் செய்யாது."

அக்கா தலையாட்டினாள். அந்தப் பட்டாணியை அவளுக்குத் தெரியாதா? ஸ்கேன் அறையில் நோயாளிகளுக்கு ஊசி போடும் நர்ஸ், எல்லோரும் ஊசியக்கா என்று கூப்பிடுகிறவள், அந்தச் சோதனைப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இவளைப் பட்டாணி என்றுதான் அழைக்கிறாள். "எல்லாருக்கும் தலைக்குள்ள மூள இருக்கும், இவளுக்கு மட்டும் கூடவே சுண்டலும் இருக்கு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

சிகிச்சை ஆரம்பித்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பாள். உள்ளே டக் டக் டக்கென்று தட்டல், பிறகு கொஞ்சம் அமைதி, மறுபடி தட்டல். முதல் சில நாள் கரண்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "உங்க தம்பி தல, படத்தோட சரியா ஒட்டவே மாட்டேங்குது. நெத்தி ஒரு பக்கம் போவுது, புள்ளி ஒரு பக்கம் போவுது. எப்படியோ கையால புடிச்சு சமாளிக்கறேன்." தெரிந்துவிடும், நிறுத்திவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் பயந்தாள். அடுத்த வாரம் அவரே சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். "இப்பப் பிரச்சினையே இல்லம்மா. தல கச்சிதமா படத்துல உக்காந்திருச்சு."

நல்லது என்றாள். உட்காராதது எப்படி உட்கார்ந்தது என்று கேட்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் ஒன்றில்தான் அந்தச் சர்க்கரையில்லாத டீ வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. குளித்துவிட்டுத் துண்டை மூன்றாக மடித்துக் கதவின் மேல் போட்டான். அவள் போடுவது போல. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியவன் திரும்பி ஓடிப்போய் அடுப்பின் குமிழை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு வந்தான்; அவள் பார்ப்பது போல. யோசிக்கும்போது இடது பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்தான். கூடவே வளர்ந்தவன், அக்காவைப் பார்த்துப் பழகியிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். எதையும் சொல்லிக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் ஏதோ பாட்டை முனகும்போது, வெளிச்சம் அவன் முகத்தில் விழும்போது, அவளுக்கு அழுகையே வந்துவிடும். என் தம்பி பிழைத்துக்கொண்டான். போதும், வேறு எது வேண்டும்?

அவளுக்குத்தான் என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்திருப்பது பாரமாக இருந்தது. ரொட்டியை மென்றால் அட்டையை மெல்வது போலிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே கேட்கும் தட்டல் அவளுடைய பொட்டுக்குப் பின்னாலும் கேட்டது. முதலில் கதவுக்கு அந்தப் பக்கம் டக் என்றது, கூடவே இந்தப் பக்கமும் டக். பிறகு இந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை. அவளிடமிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுப்பது போன்ற ஓர் உணர்வு மட்டும். வலிக்கவில்லை. லேசாகிக்கொண்டே போனாள், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தம்பி திடீரென்று சொன்னான். "அம்மாவோட கை கடைசி நேரத்துல எவ்வளவு சூடா இருந்துச்சு இல்ல? நான் என் சுண்டு விரல நீட்டினேன். சின்னக் குழந்த மாதிரி புடிச்சிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் விடவே இல்ல. நர்ஸ் வந்துதான் பிரிச்சு எடுத்தாங்க."

அக்காவின் கையிலிருந்த சட்டை நழுவியது.

"நீ அங்க இல்லயேடா" என்றாள் மெதுவாக. "நீ பரீட்சைக்குப் போயிருந்த. தகவல் சொல்லி, நீ வண்டி புடிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நான் மட்டுந்தான இருந்தேன்."

அவன் ஒரு நிமிஷம் குழம்பினான். பொட்டைத் தேய்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. "உனக்குத்தான் இப்பல்லாம் மறந்து போவுது. பேசாம போய்க் கொஞ்சம் படு."

படுத்தாள். படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில், பச்சைத் திரை, சலைன் பாட்டில் எல்லாம் வந்தது. அம்மாவின் கை வரவில்லை. சுண்டு விரலைத் தூக்கிக் கண் முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தாள். யாரும் பிடித்த ஞாபகமே அந்த விரலுக்கு இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. தொடைக்குக் கீழே வெயிலில் காய்ந்த சிமெண்டின் சூடு. கால்களுக்குக் கீழே காற்று. வெகு கீழே, சின்னதாக, யாரோ காயப்போட்ட ஒரு போர்வை.

அவள் ஒருநாளும் அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். படத்தை மாற்றினேன், அது என் தலை, என் தலையை வைத்துக்கொண்டுதான் அவன் தலையில் தட்டுகிறீர்கள் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனாள். டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தம்பியப் பாத்தா எனக்கே நம்ப முடியலம்மா. இந்த ஆய்வுல இவ்வளவு நல்லா யாருக்குமே கேக்கல."

"டாக்டர், ஒருவேள... இப்ப நிறுத்திட்டா என்ன ஆகும்?"

"ஏன் நிறுத்தணும்?" அவர் முகம் மாறியது. "அந்தத் தப்ப மட்டும் செஞ்சிராதீங்க. பாதில விட்டா பழைய எடத்துக்கு மட்டும் போக மாட்டாரு. அதுக்கும் கீழ போயிருவாரு. அப்புறம் கை குடுத்துத் தூக்க யாராலயும் முடியாது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்து கழிவறைக்குள் நின்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எடுத்துக்கட்டும் என்று நினைத்தாள். அம்மா கையை எடுத்துக்கட்டும், டீயை எடுத்துக்கட்டும், எது வேண்டுமோ எடுத்துக்கட்டும். அவன் அந்தச் சுவரிலிருந்து இறங்கினால் போதும். முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது, அவளுடைய நகங்கள் கடித்துக் குதறப்பட்டிருந்தன. நகம் கடிக்கிற பழக்கம் தம்பிக்குத்தான் உண்டு.

வீட்டில் ஒரு மணம் வந்துகொண்டிருந்தது. தம்பியின் அறையில் இல்லை. அங்கே சோப்பும் வெயிலும்தான் மணந்தன. அவள் மோப்பம் பிடித்துக்கொண்டு கூடம், சமையலறை என்று தேடிப் போய்க் கடைசியில் தன் தலையணையின் முன்னால் நின்றாள்.

சிகிச்சையின் நடுவில் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு, சாயங்காலம், அவளே எடுக்க வேண்டியிருந்தது. தம்பி சட்டைப் பையைக் காலி செய்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே பலகையில் ஏறிப் படுத்தான். கூண்டுக்குள் தலையைச் சரியாக வைத்தான். ரப்பர் உருண்டையை அவள் நீட்டியபோது "எதுக்கு?" என்று சிரித்தான்.

குழாய் அவனை விழுங்கியது. ச்சிக், ச்சிக். அன்று அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. பக்கத்தில் யாரோ நாக்கால் 'ச்சு' கொட்டுவது மாதிரி, விடாமல். பிறகு படம் எடுக்கும் இரைச்சல் எழுந்தது, கனமாக, தகரத்தில் சுத்தியால் அடிப்பது போல. குழாய்க்குள் அவன் அசையவே இல்லை.

திரையில் படம் கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்காக வந்தது. கழுத்து. மூளையின் அடிப்பகுதி. கண் உருண்டைகள். இடது பொட்டு.

அதற்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு நிழல்.

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பழைய படத்தைத் தவறாகத் திறந்துவிட்டேன் என்று நினைத்தாள். மூடினாள். திறந்தாள். இன்றைய தேதி. இந்த நேரம். அடுத்த அடுக்கு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழாயின் வாயிலிருந்து தம்பியின் பாதங்கள் தெரிந்தன. பாட்டுக்குத் தாளம் போடுவது போலக் கட்டைவிரல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன பட்டாணி, உன் பழைய படத்தப் போட்டு அழகு பாத்துட்டிருக்கியா?" முதுகுக்குப் பின்னால் ஊசியக்கா. கையில் டீ டம்ளர், வாயில் சிரிப்பு.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி சரி, பாரு. நான் மேல போயி என் பையை எடுத்துட்டு வந்துர்றேன். சேந்தே கிளம்பலாம்." செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று.

ஒவ்வொரு அடுக்காக ஒப்பிட்டாள். பழையது, புதியது. பழையது, புதியது. ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு பள்ளமும். இத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். இரண்டு தலை ஒன்று போல இருந்து அவள் பார்த்ததில்லை. அப்படியானால் இங்கே என்ன இருக்கிறது? தன் பொட்டின் மேல் விரலை வைத்தாள். இதற்குள்ளே இப்போது என்ன இருக்கிறது?

பலகையை வெளியே இழுத்தாள். தம்பி எழுந்து உட்கார்ந்தான். அவன் முகம் தெளிவாக, பளிச்சென்று இருந்தது.

"என் தலையப் பாக்கணும்டா" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது, கரகரத்து, மெதுவாக. "எனக்கு இப்பவே பாக்கணும். ஊசியக்கா வரட்டும், அவங்கள விட்டு..."

"ஊசியக்காவுக்கு ஊசி போடத்தான் தெரியும். மெஷின்ல கைய வைக்கத் தெரியாது." அவன் பலகையிலிருந்து இறங்கினான். "வா, படு. நான் பாத்துக்கறேன்."

அவனுக்கு அந்த இயந்திரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியக் கூடாது. ஆனால் அவன் கை தயங்காமல் அவளுடைய காதிலிருந்து தோட்டைக் கழற்றியது, கொண்டை ஊசியை உருவியது, ஒவ்வொன்றையும் கூடையில் போட்டது. நோயாளியிடம் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. அது விதி, அவளே ஆயிரம் பேரிடம் சொன்ன விதி. கடைசியாக அவள் கழுத்துச் சங்கிலியை, சாவியோடு, தலை வழியாக மென்மையாகக் கழற்றினான்.

அதைக் கூடையில் போட்ட சத்தம் கேட்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஓடியிருக்கலாம். உடம்பு அவ்வளவு பாரமாக இருந்தது. படுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது. பலகை முதுகைக் குளிரவைத்தது. கூண்டு முகத்தின் மேல் இறங்கிச் சொடுக்கிக்கொண்டது. கையில் ரப்பர் உருண்டை. பலகை நகர்ந்தது.

உள்ளே வந்ததும் அவளுக்குத் தெரிந்தது. இந்த இடம் அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் வெளியிலிருந்து பார்த்த குழாயாக அல்ல. இந்த நெருக்கம், மூச்சு திரும்பி முகத்திலேயே வந்து மோதும் இந்தப் புழுக்கம், மேலே மண் விழப்போகிறது என்கிற இந்த நிச்சயம். இரண்டு வருடம் சுவரைப் பார்த்துக் கிடந்தது ஞாபகம் வந்தது. கட்டிலின் பள்ளம். காய்ந்துபோன தட்டு. கூப்பிடுகிறார்கள், 'ம்' என்று சொல்ல வேண்டும், முடியவில்லை.

கூண்டின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. உள்ளே படுத்திருக்கிறவர்கள் பயப்படாமல் இருக்க, அதில் வெளியே தெரியும். தன் கால்கள் தெரிந்தன. அதற்கப்பால் தடுப்புக் கண்ணாடி. அதற்கப்பால் அவளுடைய நாற்காலி. தம்பி அதில் உட்கார்ந்தான். நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துக்கொண்டான், அவள் இழுப்பது போல.

ஒலிபெருக்கி கரகரத்தது. "அசையாம படுங்க. கண்ண மூடிக்கலாம். ஏதாவது வேணும்னா கைல இருக்கற உருண்டைய அமுக்குங்க."

அவளுடைய வார்த்தைகள். அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி.

இரைச்சல் தொடங்கியது.

அமுக்கினாள். மணி அடித்தது. கண்ணாடியில் அவன் தலை நிமிர்ந்தது. திரையின் வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. கழுத்தில் ஏதோ மின்னியது. சாவி.

மறுபடி அமுக்கினாள். கத்தினால் நிறுத்துவான். நிறுத்தினால்? பாதியில் விட்டால்? கீழே போய்விடுவான். அதற்கும் கீழே. யார் போய்விடுவார்? தம்பி. தம்பி யார்? நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் தம்பி. அவனைக் காப்பாற்றத்தானே. அவன் பெயரைச் சொல்லிப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று நினைத்தாள். ஞாபகத்துக்கு வந்தது ஒரே ஒரு பெயர். எறும்பு. அது தன்னை யாரோ கூப்பிடும் பெயராக இருந்தது.

கண்ணாடியில் கதவு திறந்தது. ஊசியக்கா. தோளில் பை.

இவள் உயிரெல்லாம் கையில் வந்து நின்றது. அமுக்கினாள். அமுக்கினாள். ஊசியக்கா, இங்க பாருங்க. நான் இங்க இருக்கேன். நான்தான்.

ஊசியக்கா குழாயின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். வருத்தமாக. பிறகு நாற்காலியின் பின்னால் வந்து நின்று, அதில் உட்கார்ந்திருந்த தோளின் மேல் கையை வைத்தாள். ஒலிபெருக்கியை யாரும் அணைத்திருக்கவில்லை.

"அழாத பட்டாணி" என்றாள். "நீ படற பாட்டுக்குப் பலன் இல்லாம போவாது. உன் தம்பிக்கு எல்லாம் சரியாயிரும், பாரு."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

நாற்காலியில் இருந்த உருவம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இடது பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்தது. சாவி ஆட, ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரந்தான்டா தம்பி."